கிளட்ச் ஆயில் எங்கே போகிறது?

பழைய காரில் கிளட்ச் ஆயில் ஓடும்போது ஒழுகுவதைவிட நிற்கும்போது ஒழுகுவதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் வரை போய்வந்து ஷெட்டில் விட்ட வண்டி. வழியெல்லாம் கியர் தகராறில்லாமல் விழுந்தது. அடுத்த ஞாயிறு சாவியைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தால் பெடல் எதிர்ப்பே காட்டாமல் தரைக்குப் போய் அங்கேயே கிடக்கிறது. பானட்டைத் திறந்தால் கிளட்ச் ஆயில் டப்பாவின் அடியில் கொஞ்சம் ஈரம்தான் மிச்சம். நூறு கிலோமீட்டர் ஓடியபோது போகாதது, சும்மா நின்ற இடத்தில் போயிருக்கிறது. அதாவது, அழுத்தத்தைத் தாங்கி ஆயிலை அடைத்திருந்த ரப்பர் சீல், அழுத்தமே இல்லாதபோது கைவிட்டிருக்கிறது. கேட்கத் தலைகீழாக இருக்கும். ஆனால் ஹைட்ராலிக் கிளட்ச்சின் குணமே இதுதான். இந்த ஒரு குணம் பிடிபட்டுவிட்டால், ஒழுகும் கிளட்ச்சோடு மல்லுக்கட்டுவதில் பாதி வேலை குறைந்துவிடும்.

பேச ஒரு கார் வேண்டும் என்பதால் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. 948 சி.சி. என்ஜின், இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த உடல். சென்னைப் பாசம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் காரின் பானட் மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு முன்பக்கமாக முழுசாகத் திறந்துகொள்ளும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். உள்ளே, டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தகட்டில் இரண்டு சின்ன டப்பாக்கள் கண்ணெதிரே நிற்கும். ஒன்று பிரேக்குக்கு, மற்றது கிளட்ச்சுக்கு. பிற்காலத்தில் வந்த மாருதி 800இல் இந்த வம்பே கிடையாது. அது கேபிள் கிளட்ச். அறுந்தால் அறுந்தது, மாற்றினால் தீர்ந்தது.

கிளட்ச் பெடலை மிதித்தால், அதோடு கோத்திருக்கும் தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் திரவம் மெல்லிய குழாய் வழியே கியர்பாக்ஸ் பக்கம் போய் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. அந்தப் பிஸ்டன் ஒரு ஃபோர்க்கை அசைக்கும். ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங் போய்க் கிளட்ச் ஸ்பிரிங்குகளின் பிடியைத் தளர்த்தும். அந்த நேரத்தில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பது, பெடலோ பாடியில் இருப்பது. ஆடும் பொருளையும் ஆடாத பொருளையும் கம்பிகளாலும் நெம்புகோல்களாலும் இணைப்பதைவிட, வளையும் குழாய்க்குள் திரவத்தை வைத்து இணைப்பது சுலபம். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலால் 10 கிலோ அளவுக்கு அழுத்துகிறோம் என்று வையுங்கள். பெடலின் நெம்புகோல் அதை 5 மடங்காக்கினால் மாஸ்டர் பிஸ்டன்மேல் 50 கிலோ விழும். பிஸ்டனின் விட்டம் 16 மி.மீ. என்றால் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர். ஆக, திரவத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 2 கிலோதான். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிப்படி இந்த அழுத்தம் குறையாமல் ஸ்லேவ் சிலிண்டர்வரை போகும். அங்கே பிஸ்டன் 22 மி.மீ. விட்டமானால் பரப்பு 3.8 சதுர சென்டிமீட்டர். தள்ளும் விசை 95 கிலோ. விசையில் கிடைத்த லாபத்துக்கு நகர்வில் விலை கொடுக்க வேண்டும். மாஸ்டர் பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் பிஸ்டன் 13 மி.மீ. நகரும். இவ்வளவு காரியத்துக்கும் இடம் மாறுகிற திரவம் 5 மில்லிலிட்டர், ஒரு டீஸ்பூன்.

ஒரு டீஸ்பூன்தான் என்பதால், அதில் கொஞ்சம் காற்று கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். 1 மில்லிலிட்டர் காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ அழுத்தத்தில் அது சுருங்கி ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். தள்ளிய 5 மில்லிலிட்டரில் ஒன்று காற்றை நசுக்குவதிலேயே செலவாகிப்போகும். ஸ்லேவ் பிஸ்டன் 13க்குப் பதிலாகப் பத்தரை மி.மீ. நகர்ந்து நின்றுவிடும். கிளட்ச் முழுக்க விடாது, தட்டு உரசிக்கொண்டே இருக்கும். ஹெரால்டின் கியர்பாக்ஸில் ஃபர்ஸ்ட் கியருக்கு, பற்களின் வேகத்தைப் பொருத்தித் தரும் சிங்க்ரோமெஷ் கிடையாது. எனவே நின்ற வண்டியில் ஃபர்ஸ்ட் போடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் பல்லோடு பல் உரசும் சத்தம் தெருவுக்கே கேட்கும். ஒழுகலின் முதல் தகவல் பெரும்பாலும் தரையில் விழும் சொட்டாக வருவதில்லை, இந்தச் சத்தமாகத்தான் வருகிறது.

இப்போது அந்த ரப்பர். இரண்டு சிலிண்டர்களிலும் பிஸ்டனோடு ஒட்டி ஒரு ரப்பர் சீல் இருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் பழக்கமானது. அங்கே தோலில் செய்த சிறு கிண்ணம், இங்கே ரப்பரில் செய்தது. கிண்ணத்தின் வாய் அழுத்தம் வரும் திசையைப் பார்த்திருக்கும். அழுத்தம் கிண்ணத்துக்குள் புகுந்து விளிம்பை நாலாபுறமும் விரித்துச் சிலிண்டர் சுவரோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூட விளிம்பு இன்னும் இறுக்கமாகச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. 25 கிலோவில் அது ஒழுகாமலிருப்பதற்குக் காரணம் அந்த 25 கிலோவேதான். அடைப்பதற்கான வேலையைத் திரவமே செய்துகொள்கிறது.

பெடலிலிருந்து காலை எடுத்ததும் அந்த உதவி நின்றுபோகிறது. அதன்பிறகு விளிம்பைச் சுவரோடு ஒட்டவைப்பது ரப்பரின் சொந்த விறைப்பு ஒன்றே. புது சீலின் விளிம்பு சிலிண்டரின் உள்விட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்யப்பட்டிருக்கும். உள்ளே நுழைக்கும்போது மடங்கி, விரிய முயன்றபடியே இருக்கும். ஆனால் ரப்பர் ஒரே நிலையில் வருடக்கணக்காக மடங்கிக் கிடந்தால் அந்த மடிப்பையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்கிறது. வல்கனைஸ் செய்தபோது ரப்பர் இழைகளுக்கு நடுவே உண்டான கந்தகப் பிணைப்புகள் வெப்பத்திலும் ஆக்சிஜனிலும் மெல்ல அறுந்து, மடங்கிய நிலையிலேயே மீண்டும் பிணைந்துகொள்கின்றன. விளிம்பு கடினமாகி, விரியும் ஆசையை இழந்துவிடுகிறது. அந்தச் சீலை வெளியே எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். புதியதன் வாய் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், பழையது நேராக நிற்கும்.

டப்பாவுக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கும் அரை மீட்டர் உயர வித்தியாசம் என்றால், நிற்கும் வண்டியில் அங்கே திரவத்தின் எடையால் வரும் அழுத்தம் 0.05 கிலோ. மிதிக்கும்போது இருப்பதில் ஐந்நூறில் ஒரு பங்கு. விளிம்பை விரிக்க அது போதாது, சோர்ந்துபோன விளிம்பின் அடியில் ஊர்ந்து வெளியேறப் போதும். ஒரு வாரத்தில் டப்பா காலியாகும் மர்மம் இவ்வளவுதான். தினமும் ஓடுகிற பழைய வண்டியைவிட, கவர் போட்டுப் பத்திரமாக நிறுத்திவைத்த வண்டியின் கிளட்ச் சீக்கிரம் கெடுவதற்கும் இது ஒரு காரணம். இன்னொரு காரணம் திரவத்திலேயே இருக்கிறது.

பிரேக் ஆயில் என்று கடையில் கேட்டு வாங்கும் அந்தத் திரவம் எண்ணெயே அல்ல. கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்தது. தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். டப்பா மூடியில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. ரப்பர் ஹோஸின் சுவரும் நீராவிக்கு முழுத் தடை அல்ல. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 4இல் 230, 155. மலைப்பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவருக்கு இந்த எண்கள் உயிர்ப் பிரச்சினை. கிளட்ச்சுக்கு அவ்வளவு சூடு வராது. கிளட்ச்சில் தண்ணீர் செய்யும் கேடு வேறு: துரு.

திரவத்தில் துருத் தடுப்பான்கள் சேர்த்திருப்பார்கள். ஈரம் சேரச்சேர அவை தீர்ந்துகொண்டே வரும். கிளட்ச் அமைப்பில் திரவம் சுற்றுவதும் இல்லை. அந்த ஒரு டீஸ்பூன்தான் குழாய்க்குள் முன்னும் பின்னும் போய்வருகிறது. ஸ்லேவ் சிலிண்டருக்குள் இருப்பது அங்கேயே வருடக்கணக்காகக் கிடக்கும். ஹெரால்டில் கிளட்ச்சுக்குத் தனி டப்பா என்பதால், பிரேக் திரவத்தை மாற்றுகிற அன்றைக்கும் இதை யாரும் தொடுவதில்லை. ஸ்லேவில் காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் நிப்பிளைத் திறந்தால் முதலில் வருவது கறுப்புக் குழம்பு. தேய்ந்த ரப்பரும் உலோகத்தூளும் கலந்தது. நின்றுபோன வண்டியில், சீல் விளிம்பு ஓய்ந்திருக்கும் இடத்தை ஒட்டிச் சிலிண்டர் சுவரில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள் விழும். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ரப்பர் விளிம்பு அந்தக் குழிகளின்மேல் ஏறி இறங்கும். எந்த ரப்பர் தாங்கும்?

ஒழுகலைத் தேடும்போது முதல் வேலை, தரையில் கிடப்பது எது என்று தெரிந்துகொள்வது. பழைய கார் பல திரவங்களைச் சிந்தும். என்ஜின் ஆயில், கியர் ஆயில், கிளட்ச் திரவம் மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் சொட்டும். வண்டியின் அடியில் ஒரு தட்டை வைத்துச் சேர்ந்ததில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் ஆயில், கரைந்து மறைந்தால் கிளட்ச் திரவம். இதே காரணத்தால்தான் பெயிண்டின்மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்கள். துணியால் துடைத்தால் பரவும். விட்டுவைத்தால் மறுநாள் பெயிண்ட் தோலாக உரிந்து வரும்.

அடுத்து, காருக்குள் குனிந்து டார்ச் அடித்துப் பெடலின் மேல்பகுதியைப் பார்க்க வேண்டும். தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தை டிஷ்யூ காகிதத்தால் தொட்டால் ஈரம் தெரிந்துவிடும். மாஸ்டரின் பின்பக்க சீல் போயிருந்தால் திரவம் தண்டு வழியே பெடலுக்கு இறங்கி டிரைவரின் செருப்பில் சொட்டும். வெளியே தரையில் ஒரு சொட்டும் இருக்காது, கால்மிதியைத் தூக்கினால் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். அங்கே காய்ந்திருந்தால் கீழே வர வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் வாயில் மாட்டியிருக்கும் தூசி மூடியின் விளிம்பை மெதுவாக நெம்பிப் பார்த்தால், சீல் போன சிலிண்டரில் தேங்கிய திரவம் கையில் கொட்டும். கொட்டினால் சந்தேகமே வேண்டாம். லேசான பசை மட்டும் என்றால் அது விளிம்பு உயவுக்காக விட்டுச்செல்லும் மெல்லிய படலம், கோளாறாகாது. நடுவில் ஹோஸ் வெடிப்பு, குழாய் முனைகளின் நட்டு, நிப்பிள். இவை சுலபம்.

டப்பாவில் அளவு குறையவே இல்லை, எங்கும் ஈரமில்லை, ஆனாலும் சிக்னலில் பெடலை மிதித்தபடி நின்றால் கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக நகரப் பார்க்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஒழுகல்தான், ஆனால் மாஸ்டருக்கு உள்ளேயே நடக்கிறது. டிரையம்ப் ஹெரால்டில் இருக்கும் கிர்லிங் கம்பெனியின் மாஸ்டரில், பிஸ்டனுக்கு எதிர்முனையில் ஒரு தண்டும் அதன் நுனியில் பட்டாணி அளவு ரப்பரும் உண்டு. பெடலை மிதித்த உடனே அந்த ரப்பர் டப்பாவுக்குப் போகும் வழியை அடைக்கும். பெடலை விட்டு பிஸ்டன் பின்னுக்கு வந்து சேரும்போது தண்டை இழுத்து வழியைத் திறக்கும். அந்தக் குட்டி ரப்பர் தேய்ந்துவிட்டால், தள்ளிய திரவம் நைசாக டப்பாவுக்கே திரும்பிவிடும். வேகமாக மிதித்தால் கிளட்ச் விடும். மிதித்து வைத்திருந்தால் மெல்லப் பிடித்துக்கொள்ளும். இதைச் சோதிக்க ஆளில்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, என்ஜின் ஓடக் கியரில் வைத்து, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். டப்பாவில் அளவு குறையவில்லை என்பதற்காக மாஸ்டருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு கிளட்ச் தட்டை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியவர்கள் நிறைய.

ரப்பருக்கு எமன் துரு மட்டும் இல்லை. இன்றைய சீல்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் செய்யப்படுகின்றன. அதன் மூலக்கூறுகள் கார்பனும் ஹைட்ரஜனுமே. பெட்ரோல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில் எல்லாமும் அப்படியே. இனம் இனத்தோடு சேரும். ஆயில் ரப்பருக்குள் புகுந்துகொள்ள, ரப்பர் ஊதிப்போகும். கிளைக்கால் திரவம் வேறு சாதி, தண்ணீரின் உறவு. அது ரப்பருக்குள் அதிகம் நுழைவதில்லை. அதனால்தான் அவை இரண்டும் பல வருடம் ஒன்றாகக் குடியிருக்க முடிகிறது. அவசரத்துக்கு டப்பாவில் ஒரு மூடி என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் மாஸ்டர், ஹோஸ், ஸ்லேவ் என்று எல்லா ரப்பரும் ஊதும். ஊதிய சீல் முதலில் ஒழுகலை நிறுத்திவிடும் என்பதுதான் இதில் கொடுமை. ஊற்றியவர் ஜெயித்ததாக நினைப்பார். சில நாளில் பிஸ்டன் பின்னுக்கு வராது, டப்பாவின் வழி திறக்காது, அடைபட்ட அழுத்தத்தால் கிளட்ச் அரைகுறையாக விட்ட நிலையிலேயே நின்று வழுக்கும். அதற்குப் பிறகு ரப்பர் என்று பெயருள்ள எல்லாவற்றையும் மாற்றிக் குழாய்களை அலசுவதைத் தவிர வழியில்லை.

இதே ஆபத்து ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. சிலிண்டரைப் பிரித்து எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புது ரப்பரை கிரீஸ் தடவி மாட்டுவது பழகிப்போன வேலைமுறை. பேரிங்குக்கு அது சரி, இங்கே விஷம். கழுவ வேண்டியது புதிய பிரேக் திரவத்திலோ ஸ்பிரிட்டிலோ. தடவ வேண்டியதும் அதே திரவம், அல்லது ரப்பருக்கென்றே விற்கும் சிவப்பு கிரீஸ். அந்தச் சிவப்பு கிரீஸின் பாரம்பரியம் விளக்கெண்ணெய். ஹைட்ராலிக் பிரேக்குக்கு 1917இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மால்கம் லாக்ஹீட். அந்த பிரேக் 1921இல் டியூசன்பர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் வந்தது. பிறகு நெடுங்காலம் புழங்கிய திரவம் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. சீல்கள் இயற்கை ரப்பர். மற்ற எண்ணெய்களில் ஊதிக் கூழாகும் இயற்கை ரப்பர் விளக்கெண்ணெயில் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், ஆமணக்கின் ரிசினோலிக் அமிலத்தில் தொங்கும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. அது இருப்பதால் விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடக் கொஞ்சம் ஆல்கஹாலின் பக்கம் சாய்கிறது. உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவிக்கும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு, பிரேக் சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவுகிறோம்.

பழுது பார்ப்பதில் நித்திய சண்டை ஒன்று உண்டு: கிட் போடுவதா, சிலிண்டரையே மாற்றுவதா? கிட் என்பது ரப்பர்கள் மட்டும் அடங்கிய சின்னப் பொட்டலம், மலிவு. என் கருத்து, முடிவைப் பணத்திடம் விடாமல் நகத்திடம் விட வேண்டும். பிஸ்டனை எடுத்துச் சிலிண்டரின் உட்சுவரைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, நகத்தால் வருடுங்கள். கறை மட்டும் என்றால் கிட் போதும். நகம் எங்காவது தட்டினால் அது குழி, கிட் வீண். ஹோனிங் கல்லை விட்டுத் தேய்த்துச் சுவரைப் பளபளப்பாக்கித் தருவதாகச் சொல்வார்கள். பளபளக்கும், ஆனால் குழி போகுமளவு தேய்த்தால் துளை பெரிதாகி சீல் தளர்ந்துவிடும். அரிய வண்டிகளின் சிலிண்டர்களைக் கடைந்து உள்ளே எவர்சில்வர் அல்லது பித்தளைக் குழல் செருகித் தருபவர்கள் இருக்கிறார்கள். செலவானாலும் அதுதான் நிரந்தரத் தீர்வு, ஏனென்றால் அந்தச் சுவர் இரும்பைப்போல் துருப்பிடிக்காது.

புதியது வாங்கினால் அளவு முக்கியம். லூகாஸ் கூட்டில் 1962இல் தொடங்கிய, சென்னை பாடியிலுள்ள பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் புண்ணியத்தில் கிர்லிங் என்ற பெயர் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. வேறு வண்டியின் சிலிண்டரைப் பார்த்து "இதுவும் கிர்லிங்தான், உட்காரும்" என்று மாட்டிவிடுவதும் உண்டு. போல்ட் ஓட்டை பொருந்தினால் மட்டும் போதாது. 22 மி.மீ. இருந்த இடத்தில் 25 மி.மீ. ஸ்லேவ் போட்டால் பரப்பு 4.9 சதுர சென்டிமீட்டராகும். அதே 5 மில்லிலிட்டர் திரவம் அதன் பிஸ்டனை 10 மி.மீ. மட்டுமே நகர்த்தும். பெடல் லேசாகிவிட்டது என்று ஓனர் சந்தோஷப்படுவார், கியரோ கரகரக்கும். காற்று புகுந்தால் வரும் அதே நோய். அது தெரியாமல் நாள்பூரா ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஏர் எடுப்பது எளிய வேலைதான். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைத் திரவமுள்ள பாட்டிலில் மூழ்கவைத்து, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். காற்று மேலே போக விரும்பும், நாமோ அதைக் கீழே துரத்துகிறோம். சண்டை அங்கேதான். சிலிண்டரில் நிப்பிள் உச்சியில் இருக்கும்படி பொருத்தியிருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டால் உள்ளே ஒரு காற்றுப் பை எந்நாளும் தங்கும். பெரிய சிரிஞ்சால் கீழே நிப்பிள் வழியாகத் திரவத்தை மேல்நோக்கிச் செலுத்தும் முறை எனக்கு இன்னும் பிடித்தது. காற்று போக விரும்பும் திசையிலேயே அதை அனுப்புகிறோம். பெடலை மிதிக்கவே வேண்டியதில்லை. மிதிக்காமல் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் பிஸ்டன் சிலிண்டரின் கடைசிவரை போவதில்லை. போகாத அந்தக் கடைசிப் பகுதியில் கசடும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடல் தரைவரை போகிறது. ரப்பர் விளிம்பு அதுவரை தொடாத அந்தக் கரடுமுரடில் பத்து இருபது தடவை இழுபடுகிறது. ஸ்லேவை மட்டும் மாற்றி அனுப்பிய வண்டி அடுத்த வாரமே மாஸ்டர் ஒழுகித் திரும்பி வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு கிளம்பும். பாவம், அவர் செய்ததெல்லாம் பெடலை மிதிக்கச் சொன்னது.

புது கிளட்ச் தட்டு போட்டபிறகு ஸ்லேவ் ஒழுகுவதும் ஏறத்தாழ இதே கதைதான். இடைவெளி விடாமல் பேரிங் எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கும் அமைப்புகளில், தட்டு தேயத்தேய ஸ்லேவ் பிஸ்டன் வருடத்துக்குக் கொஞ்சமாகச் சிலிண்டரின் உள்ளே ஒதுங்கிக்கொண்டே போகும். புதுத் தட்டு வந்ததும் அது வாய்ப்பக்கம் தள்ளி உட்காரும். பல வருடம் யாரும் நடமாடாத அந்த வாய்ப்பகுதியில், தூசி மூடியைத் தாண்டி வந்த ஈரம் துருவை வளர்த்து வைத்திருக்கும். ஆகவே மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் ஒரே நாளில் கவனிப்பதே சிக்கனம். மூன்றும் ஒரே வயது, ஒரே திரவத்தைக் குடித்து வளர்ந்தவை.

வழியில் பெடல் விழுந்துவிட்டால் வண்டியை அனாதையாக விட வேண்டியதில்லை. டப்பாவை நிரப்பி வேகமாகப் பத்து முறை மிதித்தால் அடைபட்ட காற்று சற்று நெருங்கி ஒன்றிரண்டு கியர் மாற்ற இடம் கொடுக்கும். அதுவும் இல்லையென்றால் என்ஜினை நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, ஸ்டார்ட்டரை இயக்கினால் மோட்டார் வண்டியையே இழுத்துக்கொண்டு கிளம்பும். பழைய கார்கள் இதற்கு மறுப்பதில்லை. பிந்தைய பல மாடல்களில் கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி சுவிட்ச் இருக்கும். ஓட ஆரம்பித்தபின் ஆக்சிலரேட்டரை விட்டு, இழுவை தளரும் நொடியில் நியூட்ரலுக்கு எடுத்து, என்ஜின் வேகம் அடுத்த கியருக்கு ஏற்ற அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்து லேசாகத் தள்ளினால், பற்களின் வேகம் பொருந்தும் இடத்தில் கியர் தானே விழும். மேடு, ரயில்வே கேட், தேர்த் திருவிழா உள்ள பாதையைத் தவிர்ப்பது நலம்.

சிலிகான் திரவமான டாட் 5ஐப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஈரத்தை இழுக்காது, பெயிண்டைத் தின்னாது. வருடத்தில் பாதி நாள் நிற்கும் வண்டிக்கு நல்ல யோசனைதான், எல்லா ரப்பரையும் புதிதாக்கிக் குழாய்களைக் காயவைத்துப் போட்டால். பழைய திரவத்தோடு கலக்கக் கூடாது. உள்ளே தப்பிவந்த தண்ணீரும் அதில் கரையாமல் தாழ்ந்த இடத்தில் சொட்டாகத் தேங்கி அங்கேயே துருவை வளர்க்கும். டாட் 5.1 என்பது பெயரால் அதன் தம்பி மாதிரித் தெரிந்தாலும், கிளைக்கால் வகைதான். டப்பாவில் எது இருக்கிறது என்று ஒரு சீட்டு ஒட்டிவைத்தால், அடுத்து பானட்டைத் திறப்பவர் தப்பு செய்ய மாட்டார்.

ஹெரால்டில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வெளியே இருக்கிறது. சீட்டுகளுக்கு நடுவே உள்ள கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றினால் கை போய்விடும். பின்னர் வந்த பல கார்களில் ஸ்லேவ் சிலிண்டரை வளையமாகச் செய்து, கியர்பாக்ஸின் உள்தண்டைச் சுற்றி ரிலீஸ் பேரிங்கோடு சேர்த்தே வைத்துவிட்டார்கள். ஃபோர்க் வேண்டாம், பாகங்கள் குறைவு, தள்ளல் நேராக விழும். ஒழுகினால் கிளட்ச் தட்டின்மேலேயே தெறிக்கும். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலான மூட்டின் அடியில் ஈரம் கசிவதுதான் வெளியே தெரியும் ஒரே அடையாளம். மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். எனவே அத்தகைய வண்டியில் கிளட்ச் தட்டுக்காக கியர்பாக்ஸ் இறங்கும் நாளில், ஒழுகாத ஸ்லேவையும் சேர்த்து மாற்றிவிடுவதே வழக்கம். அதன் விலையைவிட இன்னொருமுறை இறக்கி ஏற்றும் கூலி அதிகம்.